அழற்சியை அணைப்பது யார்? ஒழுங்காற்று டி செல்களும் அவற்றின் ரசாயனச் சமிக்ஞைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அம்மாவுக்கு மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவருடன் மருத்துவமனை வரிசையில் உட்காருகிறேன். கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறவள் என்று தெரிந்ததும் பக்கத்து இருக்கையில் இருப்பவர்கள் கையிலுள்ள அறிக்கையைக் காட்டிக் கேள்வி கேட்பார்கள். அழற்சியை அடக்கும் ஒழுங்காற்று டி செல்கள் (டி செல் என்பது ரத்த வெள்ளணுக்களில் ஒரு வகை) பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக 2025 அக்டோபரில் மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி ஆகிய மூவருக்கும் மருத்துவ நோபல் அறிவிக்கப்பட்ட பிறகு மாணவர்களும் கேட்கத் தொடங்கினார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே கீழே தொகுத்திருக்கிறேன்.

முள் குத்தினால் வீங்குவது நல்லது என்கிறீர்கள். பிறகு ஏன் மருத்துவர் வீக்கத்தை அடக்க மாத்திரை தருகிறார்?

கருவேல முள் காலில் ஏறிய சில நிமிடங்களிலேயே தோலுக்கடியில் காவல் இருக்கும் செல்கள் விழித்துக்கொள்கின்றன. மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. சிறு ரத்தக் குழாய்கள் விரிந்து கசிகின்றன. இடம் சிவக்கிறது, சுடுகிறது, புடைக்கிறது, வலிக்கிறது. மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கு செல்கள் டி.என்.எஃப், ஐ.எல்-1, ஐ.எல்-6 ஆகிய புரதங்களை வெளியிட்டு ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களை அந்த இடத்துக்கு அழைக்கின்றன. இதற்குத்தான் அழற்சி என்று பெயர். இது இல்லாவிட்டால் ஒரு முள்ளே ஆளைக் கொன்றுவிடும்.

அழற்சி தொடங்குவதில் கேடு இல்லை, முடியாமல் நீள்வதில்தான் கேடு. கிருமி செத்த பிறகும் வந்த படை கலையாவிட்டால், அது கக்கும் நொதிகள் சொந்தத் திசுவை அரிக்கத் தொடங்கும். என் அம்மாவின் விரல் மூட்டுகளில் முள்ளும் இல்லை, கிருமியும் இல்லை. ஆனாலும் காலையில் எழுந்து ஒரு மணி நேரம் வரை அவரால் ரவிக்கைக் கொக்கியை மாட்ட முடியாது. மாத்திரை அந்த நிற்காத அழற்சிக்கு.

ஒழுங்காற்று டி செல் என்பது தனி வகையா, அல்லது எல்லா டி செல்லும் சில நேரம் அந்த வேலையைச் செய்யுமா?

தனி வகை. ரத்தத்தில் உதவி டி செல்கள் என்று ஒரு பிரிவு உண்டு. அதில் சுமார் 5 முதல் 10 விழுக்காடு இவை. ஆய்வகங்களில் சுருக்கமாக டி-ரெக் என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் பெரும்பான்மை டி-ரெக்குகள் உருவாகின்றன. சாதாரண டி செல் ஒன்று வெளித்திசுக்களில், குறிப்பாகக் குடலில், சரியான சமிக்ஞை கிடைத்தால் டி-ரெக்காக மாறுவதும் உண்டு.

இவற்றை இரண்டு அடையாளங்களால் பிரித்தறியலாம். மேற்பரப்பில் சி.டி.25 என்ற புரதம் எப்போதும் அடர்த்தியாக இருக்கும். உள்ளே, செல்லின் உட்கருவில், ஃபாக்ஸ்பி3 என்ற புரதம் இருக்கும். எந்த மரபணுவைத் திறப்பது, எதை மூடுவது என்று முடிவெடுக்கும் புரதம் அது.

ரசாயனச் சமிக்ஞை என்கிறீர்களே, அது ஹார்மோன் மாதிரியா?

உறவு முறைதான், ஆனால் வீச்சு வேறு. ஹார்மோன் ரத்தத்தில் ஏறித் தொலைவான உறுப்புக்குப் போய் வேலை செய்கிறது. சைட்டோகைன் எனப்படும் சமிக்ஞைப் புரதங்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்துச் செல்களுக்கு மட்டுமே எட்டும். வெளியிட்ட செல்லைச் சுற்றிச் சில செல்கள் தூரத்தில் அவை தீர்ந்துவிடும்.

ஒரு செல்லுக்கு இந்தச் சமிக்ஞை புரிய வேண்டுமென்றால் அதைப் பிடித்துக்கொள்ளும் புரதம், அதாவது ஏற்பி, அதன் மேற்பரப்பில் இருக்க வேண்டும். ஏற்பி இல்லாத செல்லுக்கு அந்தச் சைட்டோகைன் எவ்வளவு இருந்தாலும் ஒன்றும் ஆகாது. ஒரே புரதம் ஒரு செல்லுக்கு 'பெருகு' என்றும் இன்னொன்றுக்கு 'அடங்கு' என்றும் பொருள்படலாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மனத்தில் வைப்பதானால் இதை வையுங்கள்: சமிக்ஞை நல்லதா கெட்டதா என்று தனியாகச் சொல்ல முடியாது. யார் அனுப்பினார், யார் பெற்றார், எவ்வளவு, பக்கத்தில் வேறு என்ன இருந்தது என்பதைச் சேர்த்தே சொல்ல முடியும்.

இப்படி ஒரு செல் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

1969இல் ஜப்பானில் நிஷிசுகாவும் சகாகுராவும், பிறந்து மூன்று நாளான பெண் சுண்டெலிகளின் தைமஸை அகற்றினார்கள். டி செல்கள் உருவாகும் இடமே போய்விட்டதால் நோயெதிர்ப்பு பலவீனமாகும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் அந்த எலிகளின் சினைப்பைகள் அழிந்தன. பின்னால்தான் அது, நோயெதிர்ப்பு சொந்தத் திசுவையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய் என்று தெளிவானது. தைமஸிலிருந்து மூன்றாம் நாளுக்குப் பிறகு வெளிவரும் ஏதோ ஒன்று சொந்த உடலைக் காக்கிறது என்றல்லவா இதற்குப் பொருள்?

சகாகுச்சி இந்தக் கேள்வியை விடவில்லை. நல்ல எலியின் டி செல்களை அத்தகைய எலிக்குச் செலுத்தினால் நோய் வராமல் தடுக்க முடிந்தது. அப்படியானால் அந்த டி செல்களுக்குள் காக்கும் கூட்டம் ஒன்று இருக்கிறது. அதைப் பிரித்தறிய அடையாளம் தேடினார். அப்போது காலம் அவருக்குச் சாதகமாக இல்லை. 1970களில் 'அடக்கும் டி செல்' என்று ஒரு கொள்கை பரபரப்பாகப் பேசப்பட்டு, அதற்குக் காட்டிய மரபணு ஆதாரம் 1980களில் பொய்த்துப் போனது. அந்தச் சொல்லைச் சொன்னாலே முகம் சுளிக்கும் நிலை. அந்தச் சூழலில் பத்தாண்டுக்கு மேல் உழைத்து, 1995இல் சி.டி.25 தான் அடையாளம் என்று அவர் நிறுவினார்.

மறுமுனையில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் 1940களில் தானாகத் தோன்றிய ஒரு சுண்டெலி வம்சம். ஆண் குட்டிகளுக்குத் தோல் செதில் செதிலாக உரியும், மண்ணீரல் வீங்கும், சில வாரங்களில் இறந்துவிடும். பிரங்கோவும் ராம்ஸ்டெல்லும் காரணமான மரபணுவைத் தேடி, எக்ஸ் குரோமோசோமின் 17 கோடி எழுத்துகளிலிருந்து 5 லட்சம் எழுத்துகள் உள்ள ஒரு பகுதிக்கு வந்தார்கள். அங்கே 20 மரபணுக்கள். ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். பழுது இருந்தது இருபதாவதில். அதற்கு ஃபாக்ஸ்பி3 என்று பெயரிட்டு 2001இல் வெளியிட்டார்கள். சகாகுச்சியின் செல்லை ஆளும் மரபணு இதுவே என்று 2003இல் சகாகுச்சி உள்ளிட்ட மூன்று குழுக்கள் காட்டின.

மனிதர்களுக்கும் அந்த மரபணு பழுதாகுமா?

ஆகும். ஐபெக்ஸ் என்ற அரிய நோய். மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஒரே ஒரு எக்ஸ் உள்ள ஆண் குழந்தைகளைத் தாக்குகிறது. பிறந்த சில வாரங்களிலோ மாதங்களிலோ தீராத வயிற்றுப்போக்கு, தோல் அழற்சி, முதல் வகைச் சர்க்கரை நோய் எல்லாம் சேர்ந்து வரும். மருந்தால் ஓரளவு கட்டுப்படுத்தலாம். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பொருந்தினால் நிலைமை மாறும்.

ஒரு மரபணு இல்லாததால் இத்தனை உறுப்பு ஒரே நேரத்தில் தாக்கப்படுவதைக் காணும்போதுதான், நலமாக இருக்கும் நம் உடலில் எத்தனை இடங்களில் எத்தனை சண்டைகள் அன்றாடம் தடுக்கப்படுகின்றன என்பது உறைக்கிறது.

சரி, டி-ரெக் ஒரு செல்லை எப்படி அடக்குகிறது? அடித்துக் கொல்லுமா?

கொல்வதும் சில சூழல்களில் பதிவாகியிருக்கிறது, ஆனால் முதன்மையான வழி அதுவல்ல. சூழலை மாற்றித்தான் அடக்குகிறது. ஐ.எல்-10, டி.ஜி.எஃப்-பீட்டா என்ற இரண்டு அமைதிச் சமிக்ஞைகளை வெளியிடுகிறது. போர்ச் செல்களுக்கு, அதாவது தாக்கும் டி செல்களுக்கு, வேண்டிய ஐ.எல்-2 என்ற வளர்ச்சிச் சமிக்ஞையை உறிஞ்சிவிடுகிறது. இவை மூன்றுக்கும் தனிக் கேள்விகள் கீழே வருகின்றன.

நான்காவது வழி தொட்டுச் செய்வது. டென்ட்ரைட் செல் என்பது கிருமியின் துண்டைத் தூக்கிக் காட்டி டி செல்லைத் தூண்டிவிடும் செல். துண்டைக் காட்டினால் மட்டும் போதாது, சி.டி.80, சி.டி.86 போன்ற துணைப் புரதங்கள் உடனிருந்தால்தான் டி செல் கிளம்பும். டி-ரெக் தன் சி.டி.எல்.ஏ-4 என்ற கொக்கியால் அந்தப் புரதங்களைப் பிடித்துப் பிய்த்துத் தனக்குள் இழுத்துச் செரித்துவிடுகிறது. 2011இல் நுண்ணோக்கியில் இதை நேரடியாகக் காட்டினார்கள். ஒளிரும் புரதம் ஒரு செல்லிலிருந்து மறைந்து அடுத்த செல்லின் வயிற்றில் புள்ளி புள்ளியாகத் தெரியும் அந்தப் படங்களை நான் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் காட்டுகிறேன். இப்படி வெறுமையான டென்ட்ரைட் செல் அழைத்தாலும் டி செல் எழுவதில்லை.

ஐந்தாவது வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. செல் உடைந்தால் உள்ளிருக்கும் ஏ.டி.பி வெளியே கொட்டும். செல்லுக்குள் அது ஆற்றல் தரும் பொருள். வெளியே அதுவே ஆபத்துக்கான கூக்குரல். டி-ரெக்கின் மேற்பரப்பில் உள்ள சி.டி.39, அதோடு சேர்ந்து வேலை செய்யும் சி.டி.73 ஆகிய இரண்டு நொதிகள் அந்த ஏ.டி.பியைப் படிப்படியாக நறுக்கி அடினோசினாக்குகின்றன. அடினோசின் போர்ச் செல்லின் ஏற்பியில் அமர்ந்தால் 'தணி' என்று பொருள். கூக்குரலையே தாலாட்டாக மாற்றிவிடுகிறது.

ஐ.எல்-2 போர்ச் செல்களை வளர்க்கும் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. நீங்கள் டி-ரெக்குக்கு அதுவே உயிர் என்கிறீர்கள். எது சரி?

இரண்டும் சரி. 1976இல் கண்டறியப்பட்டபோது அதற்கு 'டி செல் வளர்ச்சிக் காரணி' என்றே பெயர். அது இல்லாத எலியை உருவாக்கினால் நோயெதிர்ப்பு குன்றிப்போகும் என்று நினைத்தார்கள். 1993இல் அப்படி உருவாக்கிய எலிகளுக்குக் குடலில் கடும் அழற்சி வந்தது. தீனி இல்லாமல் முதலில் பட்டினியானது தணிக்கும் செல் என்பது பின்னால் புரிந்தது.

டி-ரெக்கில் ஃபாக்ஸ்பி3 ஐ.எல்-2 மரபணுவை மூடிவைக்கிறது. ஆகவே தனக்கு வேண்டிய ஐ.எல்-2ஐ அதனால் செய்துகொள்ள முடியாது. அதே நேரத்தில் சி.டி.25 அடர்த்தியாக இருப்பதால், மிகக் குறைந்த அளவு ஐ.எல்-2 இருந்தாலும் பற்றிக்கொள்ளும். சி.டி.25 என்பதே ஐ.எல்-2 ஏற்பியின் ஒரு பாகம்தான். போர்ச் செல்கள் கிளர்ந்தெழுந்து ஐ.எல்-2 சுரந்தால், அதைக் குடித்துப் பக்கத்து டி-ரெக்குகளும் பெருகுகின்றன. பெருகிய டி-ரெக்குகள் ஐ.எல்-2ஐ வற்றச் செய்கின்றன. போர்ச் செல்கள் வாடுகின்றன. அவை வாடினால் ஐ.எல்-2 குறைகிறது, டி-ரெக்கும் குறைகிறது. கிளர்ச்சியே தன் தணிப்பைக் கூட அழைத்து வருகிறது. கட்டளையிட மேலே யாரும் இல்லை.

ஐ.எல்-10 ஐ.எல்-6 எல்லாம் ஒரே குடும்பம்தானே, எண் மட்டும்தானே வேறு?

எண் கண்டறிந்த வரிசை மட்டுமே. உறவைக் காட்டாது. ஐ.எல்-6 அழற்சியை ஏற்றுகிறது. ஐ.எல்-10 பெரும்பாலும் இறக்குகிறது. 1989இல் ஐ.எல்-10ஐ விவரித்தவர்கள் அதற்கு வைத்த முதற்பெயரே 'சைட்டோகைன் உற்பத்தித் தடுப்புக் காரணி'. மேக்ரோஃபேஜின் ஏற்பியில் அது அமர்ந்தால் டி.என்.எஃப், ஐ.எல்-6 உற்பத்தி குறைகிறது.

பிறந்த சில மாதங்களிலேயே குடல் புண்ணாகி, ஆசனவாயைச் சுற்றிச் சீழ்ப்பாதைகள் உண்டாகி, எந்த மருந்துக்கும் அடங்காத கைக்குழந்தைகள் சிலர் இருந்தார்கள். 2009இல் அவர்களில் சிலருக்கு ஐ.எல்-10 ஏற்பியில் பழுது என்று கண்டறிந்தார்கள். ஐ.எல்-10 சுரக்கிறது, கேட்கத்தான் ஆள் இல்லை. எலும்பு மஜ்ஜை மாற்றியதும் ஒரு குழந்தைக்கு நோய் தணிந்தது. புதிய மஜ்ஜையிலிருந்து வந்த மேக்ரோஃபேஜ்களுக்கு ஏற்பி சரியாக இருந்தது.

டி.ஜி.எஃப்-பீட்டா தணிக்கும் என்று ஓரிடத்திலும், அழற்சியைத் தூண்டும் என்று இன்னோரிடத்திலும் படித்தேன். குழப்பமாக இருக்கிறது.

குழப்பம் நியாயமானது. மூன்றாவது பதிலில் சொன்னதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. இன்னும் முடிவெடுக்காத இளம் டி செல் ஒன்றுக்கு டி.ஜி.எஃப்-பீட்டா மட்டும் ஐ.எல்-2 துணையோடு கிடைத்தால், அது ஃபாக்ஸ்பி3ஐத் திறந்து டி-ரெக்காகிறது. அதே டி.ஜி.எஃப்-பீட்டாவுடன் ஐ.எல்-6 சேர்ந்து கிடைத்தால், டி.எச்-17 என்ற அழற்சிச் செல்லாகிறது. முதலாவது 2003இலும் இரண்டாவது 2006இலும் எலிச் செல்களில் தெளிவாகக் காட்டப்பட்டன.

இன்னொரு நுட்பமும் உண்டு. டி.ஜி.எஃப்-பீட்டா வெளியே வரும்போது பூட்டிய நிலையில்தான் வருகிறது. சுற்றிலும் ஓர் உறைப் புரதம். டி-ரெக் அந்தப் பூட்டிய பொட்டலத்தைக் கார்ப் என்ற புரதத்தின் உதவியால் தன் மேற்பரப்பிலேயே ஏந்தி நிற்கிறது. இன்டெக்ரின் என்ற புரதம் இழுத்தால்தான் பூட்டு தளரும். இவ்வளவு காவல் ஏன்? இந்தப் புரதம் அளவு மீறினால் திசு தழும்பாக இறுகிவிடும். இல்லாமல் போனாலோ, எலிகள் பிறந்த மூன்று, நான்கு வாரங்களில் பல உறுப்பு அழற்சியால் இறந்தன.

பழைய சோறு சாப்பிட்டால் டி-ரெக் கூடும் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

அந்தச் சொல்லுக்கு அடியில் ஓர் உண்மையான அறிவியல் இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் புளிக்கவைத்து, பியூட்டிரேட் போன்ற குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்களாக மாற்றுகின்றன. எலிகளில் பியூட்டிரேட், டி.என்.ஏவை இறுகச் சுற்றிவைக்கும் நொதிகளைத் தடுத்து ஃபாக்ஸ்பி3 மரபணுவைத் திறந்த நிலையில் வைக்க உதவுகிறது. 2013இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலுமாக மூன்று குழுக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இந்த வகை முடிவுகளை வெளியிட்டன. கீரையிலும் காரட்டிலும் இருந்து கிடைக்கும் வைட்டமின் ஏ-வும் இதில் சேர்கிறது. குடலின் டென்ட்ரைட் செல்கள் அதை ரெட்டினாயிக் அமிலமாக்கி, டி.ஜி.எஃப்-பீட்டாவின் பேச்சுக்கு வலுச் சேர்க்கின்றன.

சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது என்பதும் சரியே. ஆனால் இவற்றையெல்லாம் கோத்து, ஒரு கிண்ணம் பழைய சோறு உங்கள் மூட்டுவலியைக் குறைக்கும் என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை. பழைய சோறு நல்ல உணவு, எங்கள் வீட்டிலும் உண்டு. மருந்துக்கு மாற்றாக அதை வைக்காதீர்கள்.

நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் பொடி ஒன்று வாங்கினேன். முடக்குவாதம் இருக்கும்போது சாப்பிடலாமா?

உங்கள் நோயே கூடிப்போன எதிர்ப்பால் வந்தது. அதை மேலும் கூட்டுவதாகச் சொல்லும் எதையும் உங்கள் மருத்துவரிடம் காட்டாமல் சாப்பிட வேண்டாம்.

ஸ்டீராய்டும் இதே வேலையைத்தானே செய்கிறது? பிறகு டி-ரெக் ஆராய்ச்சி எதற்கு?

ஸ்டீராய்டு, அழற்சி மரபணுக்களைப் பல வகைச் செல்களில் ஒட்டுமொத்தமாக அமர்த்துகிறது. வேகமாக வேலை செய்யும், பல நேரம் உயிரைக் காக்கும். ஆனால் எந்தச் செல் தவறு செய்கிறது என்று அது பார்ப்பதில்லை. எலும்பு தேய்வது, சர்க்கரை ஏறுவது, தொற்று எளிதில் வருவது எல்லாம் அதன் விலை. டி-ரெக் அப்படியல்ல. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட புரதத் துண்டை அடையாளம் காணும் ஏற்பியோடு பிறக்கிறது. அந்தத் துண்டு இருக்கும் இடத்தில்தான் கூடிப் பணி செய்கிறது.

முடக்குவாதத்துக்கு வாரம் ஒரு முறை கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் குறைந்த அளவில் வேலை செய்யும் முக்கிய வழி, செல்லுக்கு வெளியே அடினோசினைக் கூட்டுவது என்று கருதப்படுகிறது. மேலே ஐந்தாவது வழியாகச் சொன்ன அதே அடினோசின். இந்த மருந்துகள் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

கிருமிகள் இந்த அமைதிச் சமிக்ஞையைத் தங்களுக்குச் சாதகமாகப் பயன்படுத்தாதா?

காலங்காலமாகப் பயன்படுத்திவருகின்றன. யானைக்கால் நோயைத் தரும் ஃபைலேரியா புழு நிணநீர்க் குழாய்க்குள் 6 முதல் 8 ஆண்டுகள் வாழ்கிறது. கண்ணுக்குத் தெரியும் அளவுள்ள ஒரு புழு, நோயெதிர்ப்புச் செல்கள் நடமாடும் பாதையிலேயே அத்தனை காலம் குடியிருக்கிறது. ரத்தத்தில் அதன் குஞ்சுகள் திரிந்தும் வெளியில் எந்த அறிகுறியும் இல்லாதவர்களிடம் ஐ.எல்-10 உயர்ந்திருப்பது பல ஆய்வுகளில் காணப்பட்டது. நம் தணிப்பு முறையை எழுப்பிவிட்டு அதன் நிழலில் புழு ஒதுங்கிக்கொள்கிறது.

எலிக்குடலில் வாழும் ஒரு புழு இன்னும் ஒரு படி மேலே போகிறது. அது சுரக்கும் ஒரு புரதம் வடிவத்தில் டி.ஜி.எஃப்-பீட்டாவைப் போல இல்லவே இல்லை. ஆனாலும் அதன் ஏற்பியில் கச்சிதமாக அமர்ந்து டி-ரெக்குகளை உருவாக்குகிறது. 2017இல் இது வெளியானது. எப்ஸ்டீன்-பார் வைரஸோ ஐ.எல்-10இன் ஒரு நகலையே தன் மரபணுத் தொகுப்பில் வைத்திருக்கிறது.

அப்படியானால் புற்றுநோயில் டி-ரெக் நண்பனா, எதிரியா?

பல கட்டிகளில் அது நோயாளிக்கு எதிராகப் போய்விடுகிறது. கட்டிச் சூழல் சி.சி.எல்-22 என்ற ஈர்க்கும் சமிக்ஞையைச் சுரக்கிறது. அதற்கான ஏற்பி டி-ரெக்கில் இருப்பதால் அவை கூட்டமாக வந்து கட்டியைக் காக்கின்றன. 2004இல் சினைப்பைப் புற்றுநோயில் இது காட்டப்பட்டது.

சி.டி.எல்.ஏ-4ஐத் தடுக்கும் இபிலிமுமாப் என்ற மருந்து 2011இல் அமெரிக்காவில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. அந்த வழியைத் திறந்த ஜேம்ஸ் ஆலிசனுக்கு 2018இல் நோபல் கிடைத்தது. மருந்து பெறும் சிலருக்குக் கடும் வயிற்றுப்போக்கும் குடல் அழற்சியும் வருகின்றன. ஐ.எல்-10 ஏற்பி இல்லாத குழந்தைகளுக்கும் ஃபாக்ஸ்பி3 இல்லாத குழந்தைகளுக்கும் முதலில் பாதிக்கப்பட்டது குடல்தான் என்பதை நினைவுகூர்ந்தால் இது வியப்பல்ல. கோடிகோடி பாக்டீரியாக்களுக்குப் பக்கத்தில் சண்டையில்லாமல் இருக்கத் தணிப்பு அங்கேதான் மிகுதியாகத் தேவைப்படுகிறது.

மூட்டு நீரை எடுத்துப் பார்த்தால் டி-ரெக் நிறைய இருக்கிறதாம். பிறகும் ஏன் மூட்டு வீங்கியிருக்கிறது?

எனக்கு வந்த கேள்விகளில் மிகக் கூர்மையானது இது. கேட்டவர் ஒரு நோயாளியின் மகன், மருத்துவம் படிக்காதவர். அவர் சொன்னது சரி. முடக்குவாத மூட்டில் டி-ரெக் எண்ணிக்கை பல நேரம் ரத்தத்தைவிட அதிகம். குறை எண்ணிக்கையில் இல்லை. அழற்சி மூட்டில் டி.என்.எஃப், ஐ.எல்-6 இரண்டும் பெருக்கெடுத்திருக்கும். அந்த வெள்ளத்தில் போர்ச் செல்களுக்கு டி-ரெக்கின் சொல் ஏறுவதில்லை. டி-ரெக்கும் தன் வலுவை இழக்கிறது. ஐ.எல்-6 உடனிருந்தால் டி.ஜி.எஃப்-பீட்டாவின் பொருளே மாறிவிடுவதை முன்பே பார்த்தோம்.

ஆகவே சத்தத்தைக் குறைத்தால் தணிப்புச் செல்லின் பேச்சு கேட்குமா? ஓரளவு கேட்கிறது. டி.என்.எஃபைத் தடுக்கும் இன்ஃப்ளிக்சிமாப் மருந்து பெற்ற முடக்குவாத நோயாளிகளின் டி-ரெக்குகள் இழந்த அடக்கும் திறனை மீண்டும் பெற்றதாக 2004இல் ஓர் ஆய்வு காட்டியது. ஐ.எல்-6 ஏற்பியை மறைக்கும் டோசிலிசுமாப் இன்னொரு வழி. என் அம்மாவுக்கு இப்போது போடப்படுவது அதுதான். ரவிக்கைக் கொக்கியை இப்போது அவரே மாட்டிக்கொள்கிறார்.

ஐ.எல்-2ஐயே ஊசியாகப் போட்டு டி-ரெக்கைக் கூட்ட முடியாதா?

முயல்கிறார்கள். எல்லாம் அளவில் இருக்கிறது. சிறுநீரகப் புற்றுநோய்க்கு 1992இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட உயர் அளவில், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 6 லட்சம் யூனிட், எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுக்கிறார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு வேளைக்கே 3.6 கோடி யூனிட். அந்த வெள்ளத்தில் எல்லாச் செல்லும் குடிக்கும், போர்ச் செல்களும் பெருகும். 2011இல் வெளியான ஓர் ஆய்வில், மஜ்ஜை மாற்றிய பிறகு ஒட்டுச் செல்கள் உடலைத் தாக்கும் நோய்க்கு, உடற்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 3 லட்சம் முதல் 30 லட்சம் யூனிட் வரை கொடுத்தார்கள். அவ்வளவு குறைந்த அளவைப் பிடித்துக் குடிக்க சி.டி.25 அடர்ந்த டி-ரெக்கால்தான் முடிகிறது. டி-ரெக் பெருகியது, நோயாளிகளில் பாதிப் பேரளவுக்கு முன்னேற்றம் தெரிந்தது. ஒரே மருந்து, அளவு மாறியதும் எதிர்த்திசை.

நோயாளியின் டி-ரெக்குகளை வெளியே எடுத்துப் பெருக்கியோ, குறிப்பிட்ட உறுப்பைத் தேடிப்போகும் ஏற்பியைப் பொருத்தியோ திருப்பிச் செலுத்தும் சோதனைகளும் நடக்கின்றன. முடக்குவாதத்துக்கு இவை எதுவும் வழக்கமான சிகிச்சையாக இன்னும் வரவில்லை. இப்போதே செய்து தருகிறோம் என்று பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம்.

அடக்குவதோடு டி-ரெக்கின் வேலை முடிந்துவிடுகிறதா?

இல்லை. எலிகளில் தசை அடிபட்டால் டி-ரெக்குகள் அங்கே கூடி ஆம்ஃபிரெகுலின் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அது தசையின் மூலச் செல்களைத் தட்டி எழுப்புகிறது. ஃபுளூ காய்ச்சல் கண்ட நுரையீரலிலும் இதே புரதத்தால் திசு சீராவது காணப்பட்டது. முள் எடுத்த இடம் வீக்கம் வடிவதோடு நிற்காமல் ஆறவும் வேண்டுமல்லவா?

ரத்தப் பரிசோதனையில் என் டி-ரெக் எண்ணிக்கையைப் பார்த்துக்கொள்ளலாமா?

ஃபுளோ சைட்டோமெட்ரி என்ற கருவியால் எண்ண முடியும். ஐபெக்ஸ் போன்ற பிறவிக் குறைபாடு என்ற சந்தேகம் இருந்தால் மருத்துவரே அதைக் கேட்பார். மற்றவர்களுக்குப் பயன் குறைவு. மூட்டில் நிறைய இருந்தும் வேலை நடக்காமல் போவதைப் பார்த்தோம். ரத்தத்தில் இருக்கும் எண்ணிக்கை மூட்டுக்குள் நடக்கும் பேச்சைச் சொல்லாது.

அதைவிட உங்கள் கையில் ஏற்கனவே இருக்கும் சி.ஆர்.பி அறிக்கை பயனுள்ளது. சி.ஆர்.பி கல்லீரலில் உருவாகும் புரதம், அதை உருவாக்கச் சொல்லும் முதன்மைச் சமிக்ஞை ஐ.எல்-6. ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். டோசிலிசுமாப் போட்டுக்கொள்பவர்களுக்கு ஐ.எல்-6இன் சொல் கல்லீரலை எட்டாது. தொற்று வந்திருந்தாலும் சி.ஆர்.பி உயராமல் இருக்கலாம், காய்ச்சலும் குறைவாகத் தெரியலாம். எண் நன்றாக இருக்கிறதே என்று இருமலையோ சீழ்ப்புண்ணையோ தள்ளிப்போடாமல், என்ன ஊசி போட்டுக்கொள்கிறீர்கள் என்பதைச் சொல்லி அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.